டீசல் நோட்டில் ஹோர்முஸ்

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. மண்டபம் கரையில் படகுகளுக்கு அடித்த பெயிண்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. வலையை ஏற்றுகிறவர்கள், ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள், இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்கிறவர்கள் என்று ஒரே பரபரப்பு. நான் மச்சான் படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், உட்கார்ந்து டீசல் கணக்கு எழுதுகிற நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன். பகலில் எனக்கு வேறு வேலை உண்டு. சாயங்காலமானால் இந்த நோட்டுதான்.

மச்சான் கையில் போனோடு வந்தார்.

"மாப்ள, ஈரான்ல குண்டு போட்டுட்டானாம். டீசல் ஏறுமா?"

இஸ்ரேல் ஈரானைத் தாக்கிய செய்தி அன்று காலையிலேயே வந்துவிட்டது. எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஊர் எரிந்தது என்று அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் முதலில் போனில் தேடியது பேரல் விலையைத்தான். உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய், முந்தின நாள் பேரல் 69 டாலரில் முடிந்தது, அன்றைக்கு ஒரு கட்டத்தில் 13 சதவீதத்துக்கு மேல் எகிறி, கடைசியில் 74-ல் வந்து நின்றது.

எங்கள் படகு ஒரு தடவை கடலுக்குப் போய் வர 350-லிருந்து 400 லிட்டர் வரை குடிக்கும். அன்றைக்கு லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் 36,000. ஐஸ், அரிசி, காய்கறி, தண்ணி கேன் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் சில ஆயிரம். கரைக்கு வந்ததும் இறாலையும் நண்டையும் கணவாயையும் வியாபாரிக்கு நிறுத்துப் போட்டு, சங்காயம் என்கிற கழிவு மீனைத் தனியாகத் தள்ளிவிட்டு, கைக்கு வந்த பணத்தில் முதலில் செலவைக் கழிப்போம். மிச்சத்தைத்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு வைப்பது. அதனால் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் போகிற 2,000 ரூபாயில் வலை இழுக்கிற பையன் பங்கும் சேர்ந்துதான் போகிறது. வரிவிலக்கு டீசல் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, அளவோடு. அளவு தீர்ந்தால் வெளியே பெட்ரோல் பங்கில் ரோட்டில் போகிற லாரிக்கு என்ன விலையோ அதே விலை.

சரி, ஏறுமா? அன்றைக்கு மச்சானுக்கு நான் சொன்ன பதில் "தெரியலையே". அதற்கப்புறம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழைய விலைகளைப் புரட்டிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே, வளைகுடா எண்ணெய் வெளியே வருகிற வாசல்தான் ஹோர்முஸ் நீரிணை. நீரிணை என்றதும் பெரிய சமுத்திரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஒடுங்கிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர் போல. அரிச்சல்முனையில் நின்று தலைமன்னார் பக்கம் கையை நீட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். அதிலும் கப்பல் போக ஒதுக்கிய வழி, போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். நம்ம பாக் நீரிணையில் ராமர் பாலத்து மணல் திட்டுகளைத் தாண்டி ஒரு பெரிய கப்பலும் வராது. ஹோர்முஸ் வழியாகவோ 2024-ல் ஒரு நாளைக்கு 2 கோடி பேரல் போனது. உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லைக் கோடு, ரோந்துக் கப்பல், சந்தேகம் என்று ஒரு நீரிணையில் என்னவெல்லாம் நடக்கும் என்பது எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அடுத்த பத்து நாளும் டீக்கடையில் இதே பேச்சு. ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் தினமும் ஒரே தத்துவத்தைச் சொல்வார்: "எண்ணெய் விலை ஏறுனா தீவிரவாதிக்குக் காசு. காசு வந்தா குண்டு. குண்டு போட்டா விலை இன்னும் ஏறும். அவ்வளவுதான்ப்பா உலகம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷங்களை எடுத்து வைத்தால் ஒட்ட மாட்டேன் என்கிறது.

1973-ஐ எடுத்தால் அண்ணன் ஜெயிப்பார். அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் ஒரு பக்கம், இஸ்ரேல் மறுபக்கம் என்று போர். அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. 3 டாலர் போல இருந்த பேரல் சில மாதத்தில் 12-ஐ ஒட்டிப் போனது. 1979-ல் ஈரான் புரட்சி, மறுவருஷம் ஈரான் - இராக் போர், மறுபடி ஏற்றம்.

1990-க்கு வந்தால் தலைகீழ். சதாம் உசேன் குவைத்துக்குள் படையோடு போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று எண்ணெய் விலை இறங்கியது. எட்டு வருஷப் போரில் கடன் கழுத்துவரை. குவைத் அளவுக்கு மேல் இறைத்து விலையை அமுக்குகிறது, பேரலுக்கு ஒரு டாலர் குறைந்தால் தனக்கு வருஷத்துக்கு 100 கோடி டாலர் நட்டம் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி உள்ளே போனார். 20 டாலரைச் சுற்றி இருந்த விலை அக்டோபரில் 40-ஐத் தாண்டியது. அடுத்ததுதான் வேடிக்கை: 1991 ஜனவரி 17-ல் அமெரிக்கா குண்டு போட ஆரம்பித்தது. போர் வெடித்த அன்றைக்கு விலை ஏற வேண்டாமா? மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சவூதிக் கிணறுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று சந்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அவ்வளவுதான். அதுவரை எல்லாரும் கொடுத்துக்கொண்டிருந்தது எண்ணெய்க்கான விலையோடு பயத்துக்கான விலையும்.

அந்தக் குவைத் சமயம் எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா 488 தடவை பறந்து 1,70,000 பேர்வரை கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு டேப்ரிக்கார்டர். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுக அப்படி வந்த வீடுகள் உண்டு. வளைகுடாவில் விலை ஏறினால் எங்களுக்கு டீசல் செலவு கூடும், ஆனால் அங்கே வேலையும் கூடும். டீக்கடை அண்ணன் கணக்கில் இது வருவதே இல்லை. ஒரே வீட்டில் அப்பனுக்கு நட்டம், மகனுக்கு ஓவர்டைம்.

இன்னும் இரண்டை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008 நவம்பர் 26, மும்பை. 166 பேர் செத்தார்கள். எண்ணெய்ச் சந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜூலையில் 147 டாலரைத் தொட்ட பேரல் அதற்குள் பாதிக்கும் கீழே சரிந்து கிடந்தது. பணக்கார நாடுகளின் பேங்குகள் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம், எண்ணெய் கேட்க ஆளில்லை. இப்போது 2019 செப்டம்பர் 14. சவூதியின் அப்கைக் சுத்திகரிப்பு மையத்தையும் குராய்ஸ் எண்ணெய் வயலையும் ட்ரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. ஒரு உயிர் போகவில்லை. ஒரு நாளைக்கு 57 லட்சம் பேரல், அதாவது உலக உற்பத்தியில் 5 சதவீதம் நின்றுபோனது. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விலை 15 சதவீதம் போல ஏறி முடிந்தது. மாசக் கடைசிக்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

சந்தை ரத்தத்தை எண்ணுவதில்லை, குழாயைத்தான் பார்க்கிறது. இது எனக்கு முன்பே தெரியாது என்றில்லை, ஆனால் இரண்டு தேதியையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதினபோது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

இது தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஒசாமா பின்லேடன் 2004 டிசம்பரில் வெளியிட்ட ஒலிப்பதிவில் வளைகுடாவின் எண்ணெய் வசதிகளைத் தாக்கச் சொன்னார். 2006 பிப்ரவரியில் அதே அப்கைக்குக்குள் அவருடைய அமைப்பினர் வெடிகுண்டுக் கார்களோடு புகப் பார்த்தார்கள். காவலர்கள் தடுத்ததில் கார்கள் வெளிவட்டத்திலேயே வெடித்தன. சவூதி ஏற்றுமதியில் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அன்றைக்கே பேரல் 2 டாலர் போல ஏறியது. தோற்றுப்போன தாக்குதலுக்கும் உலகம் முழுக்க வசூல் ஆகியிருக்கிறது.

மறுபக்கம் ஐ.எஸ். அமைப்பு. 2014 ஜூனில் இராக்கின் மோசூலைப் பிடித்தார்கள், கிழக்கு சிரியாவின் கிணறுகளைப் பிடித்தார்கள், சந்தையைவிட மலிவாக லாரி லாரியாக விற்றார்கள். டீக்கடைத் தத்துவப்படி விலை 200-க்குப் போயிருக்க வேண்டும். அந்த ஜூனில் 115 டாலரில் இருந்தது 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எடுத்த எண்ணெய் வெள்ளமாக வந்தது. விலை சரிந்தாலும் பரவாயில்லை, உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நாடுகள் 2014 நவம்பரில் முடிவெடுத்தன. ஐ.எஸ்.ஸின் வருமானத்துக்கு விழுந்த அடியில் அதுவும் ஒன்று. 2015 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் ஒரே தாக்குதலில் 116 டேங்கர் லாரிகளை எரித்தது மற்றொன்று.

எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்தி ஊரை நடுங்க வைக்கிற வித்தை புதிதும் இல்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்கிறோமே, அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுட்டு எரித்தது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்களாம். எண்ணெய் எரிந்த வெளிச்சத்தில் தமிழுக்கு ஒரு சொல் கிடைத்தது.

எதிர்க்கரையிலும் இதே கதை உண்டு. 1995 அக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவ எண்ணெய்க் கிடங்கை விடுதலைப் புலிகள் தாக்கி எரித்தார்கள். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். அதற்கப்புறம் நடந்தது எண்ணெய் விலையைப் புரிந்துகொள்ள நல்ல பாடம். லண்டனில் உட்கார்ந்திருக்கிற காப்பீட்டுக்காரர்கள் இலங்கைக்குப் போகும் கப்பல்களுக்கான போர் ஆபத்துக் கட்டணத்தைக் கண்டபடி ஏற்றினார்கள். கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. தாக்கப்பட்டது விமான நிலையம், ஏறியது கப்பல் செலவு. அதாவது பேரல் விலை ஏறாமலேயே ஒரு தீவுக்குள் எல்லாமே விலை ஏற முடியும்.

எங்கள் அப்பா தலைமுறை இதை வேறு மாதிரிப் பார்த்தது. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போக இலங்கை அரசு தடை போட்டது. அங்கே மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெட்ரோல் விட்டு உதைத்துக் கிளப்பி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இங்கே இரண்டு கேன் டீசலை வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தால், அக்கரைக்குக் கடத்தவோ என்ற சந்தேகத்தில் "யாருக்கு?" என்று கேள்வி வரும். அப்பா கேனைக் கட்டிலுக்கடியில் வைத்து மேலே வலையைப் போட்டு மூடுவார். அவர் சொந்தப் படகுக்கு வாங்கிய டீசல் அது. அம்மா அந்த வாசத்தில் தூங்க முடியாமல் திட்டிக்கொண்டிருப்பார்.

2022-ல் தடை போடாமலேயே இலங்கையில் எண்ணெய் நின்றது. டாலர் தீர்ந்துபோன நாட்டுக்கு உக்ரைன் போர் வந்து கடைசி உதை கொடுத்தது. பிப்ரவரி 24-ல் ரஷ்யா உள்ளே போனது, மார்ச் இரண்டாம் வாரத்தில் பேரல் 139 டாலரைத் தொட்டு இறங்கியது, அந்த மார்ச்சிலேயே அரிச்சல்முனை மணலில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து இறங்கின. ஆகஸ்டில் அங்கே மண்ணெண்ணெய் லிட்டர் 87 இலங்கை ரூபாயிலிருந்து 340 ஆனது. மன்னார்க் கரையில் நம்மைப் போலவே சின்ன இன்ஜின் வைத்துத் தொழில் செய்கிறவனுக்கு அது என்ன என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நம்ம விசைப்படகுகள் மேல் அவர்களுக்கு இருக்கும் கோபத்தைப் பற்றி இங்கே பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், ஆனால் அந்த வருஷம் அவர்கள் கரையில் கிடந்தார்கள், நாம் போய்க்கொண்டிருந்தோம் என்பதை எழுதாமல் விடவும் மனசு வரவில்லை.

இப்போது சித்தப்பா கதை. அவர் ஒன்பது வருஷம் ஷார்ஜாவில் ஒரு அர்பாப்பின், அதாவது அரபு முதலாளியின், படகில் மீன்பிடித்தவர். இந்தக் கரையிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம்; பஹ்ரைன், சவூதி, ஈரான் வரைக்கும். அங்கே படகு சின்னது, வேகம் அதிகம். சுற்றிலும் எண்ணெய்க் கப்பல், போர்க்கப்பல்.

போர்க்கப்பலுக்குச் சின்னப் படகைக் கண்டால் ஏன் பயம்? 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்ப நின்ற யு.எஸ்.எஸ். கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஒட்டி, வெடிமருந்து ஏற்றிய ஒரு சின்னப் படகு வந்து வெடித்தது. 17 கடற்படையினர் செத்தார்கள். 2002 அக்டோபரில் அதே ஏமன் கடலில் லிம்பர்க் என்ற பிரெஞ்சு எண்ணெய்க் கப்பல், அதே முறை. அதற்கும் முன்னாலேயே இந்த வித்தையைக் கடற்புலிகள் நமக்கு எதிரே உள்ள தண்ணீரில் செய்து காட்டியிருந்தார்கள். அதனால் இலங்கைக் கடற்படைக்கும் நம்ம படகு ஒவ்வொன்றும் சந்தேகம். மும்பைக்குப் பிறகு நம்ம நாட்டிலும் அதுதான். வந்தவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தானே வந்தார்கள். பயோமெட்ரிக் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது.

2012 ஜூலை 16. துபாயில் ஜெபல் அலிக்கு அப்பால். அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் ஈரான் எண்ணெய்க்கு ஐரோப்பா தடை போட்டிருந்தது. ஹோர்முஸை மூடுவோம் என்று ஈரானும் மிரட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் பேரல் சராசரி 110 டாலருக்கு மேல். ஒரு மீன்பிடிப் படகு அமெரிக்கக் கடற்படையின் ரப்பஹானக் என்ற கப்பலை நெருங்கியது. அது போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கிற கப்பல். எச்சரித்தோம், விலகவில்லை என்றார்கள் அவர்கள். எச்சரிக்கையே இல்லை என்றார்கள் படகில் இருந்து பிழைத்தவர்கள். கனரகத் துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் செத்தார், மூன்று பேருக்குக் காயம். செத்தவர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

சித்தப்பா அப்போது அங்கேதான் இருந்தார். வேறு படகு, வேறு துறைமுகம். செய்தி வந்த ராத்திரி அவர் வீட்டுக்குப் போன் போட்டு ஒன்றும் சொல்லாமல் சித்தியிடம், "கொழம்பு என்ன வச்ச?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் சித்திக்கு விஷயமே தெரியும்.

அந்தச் சாவால் எண்ணெய் விலை ஒரு பைசாகூட அசைந்திருக்காது. ஆனால் அந்தத் துப்பாக்கியை அங்கே நிறுத்தி வைத்ததும், அந்த ஆளை அந்தத் தண்ணீருக்குக் கூட்டிப்போனதும் எண்ணெய்தான். 'புவிசார் அரசியல்' என்று டிவியில் பெரிய வார்த்தையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகு ஞாபகம் வந்துவிடுகிறது. கோபமும்தான்.

சரி, 2025 ஜூனுக்குத் திரும்புகிறேன். 22-ஆம் தேதி அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களில் குண்டு போட்டது. ஈரான் நாடாளுமன்றம் ஹோர்முஸை மூடலாம் என்றது. 23 ராத்திரி கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டது. தோஹாவில் இருக்கும் என் அக்கா மகன் மொட்டைமாடியில் நின்று வீடியோ கால் போட்டான். "மாமா, பாருங்க, வெளிச்சம் போகுது பாருங்க" என்கிறான், ஏதோ திருவிழா வாணவேடிக்கை மாதிரி. கீழே இறங்குடா என்று கத்தினேன். ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போயிருந்த தமிழ்நாட்டு மீனவர்கள் கரை சேர வழி கேட்டுக்கொண்டிருந்த செய்தியும் அந்த வாரம்தான்.

அந்த ஏவுகணை வெளிச்சம் அணைவதற்குள் எண்ணெய் விலை 7 சதவீதம் இறங்கிவிட்டது. 1991 ஜனவரி மாதிரியே. ஈரான் அடித்தது ராணுவத் தளத்தை, நீரிணையை இல்லை என்று தெரிந்ததும் பயம் கழன்றுகொண்டது. மறுநாள் சண்டை நிறுத்தம், இன்னும் 6 சதவீதம். 69-ல் ஆரம்பித்த கதை 12 நாள் கழித்து 67-ல் முடிந்தது.

மச்சான் கேட்ட கேள்விக்கு விடை நோட்டில் இருக்கிறது. ஜூன் 13-க்கு முன்னால் டீசல் என்ன விலையோ, ஜூன் 24-க்குப் பிறகும் அதே விலை. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்ததிலிருந்து அதுவரை பெட்ரோல் பங்கு விலையில் பெரிய மாற்றமே இருக்கவில்லை. ஏறாததற்குச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இறங்காததையும் சேர்த்து எழுத வேண்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் பேரல் விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலர்வரை போனது. அடுத்த மாதமே நம்ம நாட்டில் டீசல் மேல் 13 ரூபாய் வரி கூட்டினார்கள். 2025 ஏப்ரலில் பேரல் சரிந்தபோதும் 2 ரூபாய் வரி. போர்ப் பயம் ஏற்றுகிற விலை எங்களுக்கு ஒருநாள் வந்து சேரும், சமாதானம் இறக்குகிற விலை வழியிலேயே எங்கோ இறங்கிவிடுகிறது. மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஏறலைல்ல?" என்றார். "ஏறலை." "போதும்" என்று வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சித்தப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். நாட்டுப்படகு, பக்கத்துக் கடல், நண்டு வலை. போன மாதம் ஒரு விடியற்காலை அவரோடு போயிருந்தேன். மண்டபம் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் தூரத்தில் இரைந்துகொண்டு வந்தது. நம்ம ஆட்கள்தான், தினமும் பார்க்கிறதுதான். சித்தப்பா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார், அணியத்துக்குப் போய் நின்றார், இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேலே தூக்கினார். அது எங்களைக் கவனிக்காமலேயே தாண்டிப் போனது. அலை அடங்கும்வரை கையை இறக்கவில்லை. அப்புறம் வந்து உட்கார்ந்து, "ஏன்டா இன்ஜின ஆஃப் பண்ணேன், மறுபடி கிளப்ப எண்ணெ வீணு" என்று தன்னையே திட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டினார்.